இடது பக்கத்து இருக்கை

ஸ்டியரிங்கைக் கழற்றிப் போட்ட வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நிற்கக் கூடாது. மணிவேலுக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ராக்கும் டை ராடும் தரையில் சாக்கின்மேல் கிடக்கும்போது, ஒவ்வொரு சக்கரமும் தன் இஷ்டத்துக்குத் தொங்கும். ஒன்று உள்ளே பார்க்கும், ஒன்று வெளியே பார்க்கும், குடித்துவிட்டு வருகிறவனின் கால்களைப் போல. நேற்று மாலை ஷெட்டைப் பூட்டும்போது அப்படித்தான் இருந்தன. இன்று காலை தகரக் கதவைத் தள்ளித் திறந்தால், இரண்டும் இடது பக்கம் திரும்பி, கோடு போட்டு நிறுத்தியது போல ஒரே அளவில் சாய்ந்து நின்றன.

அவன் குந்தி உட்கார்ந்து ஒரு சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தான். எதிர்ப்பே இல்லாமல் ஆடியது. அடுத்ததைத் தள்ளினான். அதுவும் ஆடியது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்க நடுவில் எதுவும் இல்லை. பூனை கீனை ஏறிக் குதித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பூனை குதித்தால் சக்கரம் இப்படியா திரும்பும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதை அவன் கண்டுகொள்ளவில்லை. மெக்கானிக்குகளின் பிழைப்பே பாதி இப்படித்தான் ஓடுகிறது. புரியாததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தால்தான் புரிந்த வேலையாவது நடக்கும்.

வண்டி சொல்தா சவியேயுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைக் காரைக்காலில் சொல்தா என்றுதான் சொல்வார்கள்; நேரில் முசியே என்று கூப்பிடுவார்கள். சவியேக்கு எழுபதை நெருங்கும் வயது. இளமையில் ஒரு லீவுக்கு வரும்போது மார்செய் துறைமுகத்தில் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. பின்சீட் கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிரெஞ்சு வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். அதைக் கழற்றி வலது பக்கம் கொண்டுவர வேண்டும், முன்பக்க சஸ்பென்ஷனைப் புதிதாகக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று அவரே நேரில் வந்து கேட்டார்.

"இடப்பக்கம் இருந்தாலும் ரெண்டு நாள்ல பழகிடும் முசியே. மாத்துறதுதான் பெரிய வேலை. பெடலு, ஸ்டியரிங் கம்பி, பிரேக்கு எல்லாத்தையும் பேத்து எடுத்து இந்தப் பக்கம் கொண்டாரணும்" என்றான் மணிவேல்.

"மாத்துப்பா. அந்தப் பக்கம் ஸ்டியரிங் இருக்கக் கூடாது" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

வயசானவரின் பிடிவாதம் என்று மணிவேல் விட்டுவிட்டான். உண்மையைச் சொன்னால் அவன் காது அதில் இல்லை. கண் வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தது. அவன் பட்டினச்சேரிக்காரன். விசைப்படகு என்ஜினைப் பிரித்துப் போட்டுக் கட்டுவதில் அந்தக் கரையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர் வாங்கியவன். சுனாமியில் மூன்று வயது மகன் போனபிறகு, கடல் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துக் கோவில்பத்தில் வீடு பிடித்து, பக்கத்திலேயே ஷெட் போட்டு, ஆட்டோவும் மொபெட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷமாக மரத்துப்போயிருந்த கை, இந்த வண்டியைக் கண்டதும் அரித்தது. அதுதான் அவன் செய்த தப்பு என்றால் தப்பு.

வீட்டில் பாரதிப்ரியாவுக்கு ஒன்பதாம் மாதம். அவனுடைய வேண்டுதல் எல்லாம் இப்போது ஒன்றுதான். இவளும் வயிற்றில் இருப்பதும் பத்திரமாக இரண்டு உயிராகப் பிரிந்து வீடு வந்து சேர வேண்டும். அதற்குமேல் சாமியிடம் அவன் எதையும் கேட்பதில்லை.

மகன் போன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் கிடையாது. கண்ணை மூடினாலும் பாதியில் விழித்துக்கொண்டு, பாயைவிட்டுக் கையை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமாக இருக்கிறதா என்று. சிமெண்ட் தரை காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். இதை அவன் பக்கத்தில் படுத்தபடி, தூங்குகிறவன் போல மூச்சுவிட்டுக்கொண்டு, எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

அதனால்தான் அன்று மதியம் அவளை அந்த வண்டியில் கண்டபோது அவனால் திட்ட முடியவில்லை.

மதார் சாகிப் லேத்துக்குப் போய், புதிய ராக்குக்கான பிராக்கெட்டைக் கடைந்து வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தான். வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டாண்டுகளின்மேல் நின்ற வண்டியின் இடது பக்கத்து இருக்கையில், ஸ்டியரிங் இருந்து எடுக்கப்பட்ட அதே இடத்தில், தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் வாடையும் துரு வாடையும் சூழ்ந்த அந்த இருட்டில் அவள் முகம் கல்யாணத்துக்கு முன்பு பார்த்த முகமாக இருந்தது. அவன் சத்தம் போடாமல் போய்க் குழம்பை இறக்கி வைத்தான்.

பொழுது சாயும் நேரத்துக்கு அவளே எழுந்து வந்தாள்.

"ஏம்மா, இந்த வயித்த வச்சுக்கிட்டு அதுல எப்புடி ஏறுன?" என்றான்.

"தெரியலங்க. காத்தாட நிக்கலாம்னுதான் வந்தேன். அதுல சாஞ்சா இடுப்பு வலியே தெரியல. பின்னாலேருந்து யாரோ தாங்கிப் புடிச்சுக்கிட்டாப்புல இருக்கு."

"நல்லா இருக்கு கதை. புருசன் தாங்காதத சீட்டு தாங்குதாக்கும்."

அவள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு தினமும் மதியம் அவள் அங்கேதான் தூங்கினாள். அவன் ஒரு பழைய தலையணையைக்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

வேலை ஒரு பக்கம் நடந்தது. சக்கரத்தைத் தாங்குகிற விஷ்போன் ஆர்ம்களில் பழைய ரப்பர் புஷ்கள் துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டு, கேஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால்தான் விட்டன. எரிந்த ரப்பரின் கரும்புகை ஷெட்டை நிறைத்தது. சுருள் கம்பிகளை இறுக்கிக் கட்டி இறக்கினான். இடது பக்கத்துக் கம்பி உட்காரும் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது, உள்ளேயிருந்து பொத்தென்று ஒரு கை மணல் விழுந்தது.

கடல் மணல். அதுகூடப் பரவாயில்லை, இந்த ஊரில் எந்த வண்டியைப் பிரித்தாலும் மணல் கொட்டத்தான் செய்யும். ஆனால் இது ஈரமாக இருந்தது. முப்பது வருஷம் ஓட்டுக் கொட்டகையில் காய்ந்த வண்டியிலிருந்து, இப்போதுதான் அலை விட்டுப் போனது போல, கையில் அள்ளினால் விரலிடுக்கில் தண்ணீர் வழிகிற மணல். முகர்ந்து பார்த்தான். பாசியும் உப்பும் அழுகலும் கலந்த, வற்றிய கரையின் வாடை. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் நிமிர்த்தியபோது அடியில் திரும்பவும் மணல் இருந்தது. அதுவும் ஈரம்தான்.

சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்த வலது பக்கத்து ராக்கைப் பொருத்தினான். புது பால் ஜாயிண்ட், புது டை ராடு முனைகள், புது புஷ். பெடல்களைப் பெயர்த்து வலது பக்கம் கொண்டுவந்தான். இடது பக்கம் பழைய ஸ்டியரிங் கம்பி நுழைந்த ஓட்டையைத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடினான். அந்தத் தகடு மட்டும், பக்கத்து இரும்பு எல்லாம் மதிய வெயிலில் சுடும்போதும், ஐஸ் பெட்டியின் மூடி போலச் சில்லென்று இருந்தது. தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

சக்கரங்களை நேர்ப்படுத்த அவனிடம் மெஷின் கிடையாது. வலை பின்னுகிற நைலான் நூலைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டி, நூலுக்கும் டயருக்கும் இடைவெளி பார்ப்பான்; படகு ஷாஃப்ட்டை அப்படித்தான் பார்த்துப் பழக்கம். நூல் பொய் சொல்லாது என்பது அவன் நம்பிக்கை. நேராக வைத்து, நட்டை முறுக்கி, எழுந்து டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், இடது பக்கத்து நூல் டயரில் அழுந்திக் கிடக்கும். திரும்பவும் தளர்த்துவான், திரும்பவும் முறுக்குவான். ஒரு தடவை நூல் அறுந்தே போனது. வேலை பிசகினால் அவனுக்குக் கோபம் வரும். அன்று கோபம் வரவில்லை. பிடரி குளிர்ந்தது.

வண்டியின் முகம் தெருவைப் பார்த்து, தெற்கே இருந்தது. இடது பக்கம் என்றால் கிழக்கு. கிழக்கே வீடுகளும் வயலும் தாண்டினால் கடல். இதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தான்.

கார்த்திகை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை வண்டியை வெளியே எடுக்கப் பூசை போட்டார்கள். சவியே வந்திருந்தார். மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர் என்றாலும் கற்பூரத்துக்கும் சந்தனத்துக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, மணிவேல் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். சத்தம் அருமையாக இருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, பாதி வண்டி நீளத்துக்கு முன்னே நகர்த்தி நிறுத்தினான்.

இறங்கிப் பார்த்தான். பின்சக்கரப் பழங்கள் இரண்டும் நசுங்கிச் சாறு தெறித்திருந்தன. முன்சக்கரப் பழங்கள் இரண்டும் வைத்தது வைத்தபடி, மஞ்சள் குலையாமல், குங்குமம் அழியாமல் இருந்தன. ஈர மண்ணில் முன் டயர்த் தடம் புறப்பட்ட இடத்திலேயே இடது பக்கம் வளைந்து, பழத்தைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி நேராகியிருந்தது. அப்படி ஒரு வளைவை அவன் வளைக்கவே இல்லை. பழத்தை மிதிக்க மனமில்லாத யாரோ வளைத்திருந்தார்கள்.

பாரதிப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பழம் வீணாவலங்க. ஊறுகாய்க்கு ஆச்சு" என்று குனிய முடியாமல் குனிந்து அவற்றை எடுத்துக்கொண்டாள். சவியே வாசலில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டார். வண்டியை எடுத்துப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வேகமாக நடந்தார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. தென்னை மட்டைகள் ஒடிந்து விழுகிற மழை. கரண்ட் போய்விட்டது. மதியம் சோறு போடும்போது பாரதிப்ரியா சொன்னாள்:

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். பொறக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி கடலப் பாத்துட்டு வந்துடலாமா?"

மணிவேலின் கையில் சோறு அப்படியே நின்றது. மூன்று வருஷமாகக் கடல் என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. மீன்காரி கூடைக்குக்கூட அவள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"ஏன், திடீர்னு?"

"கூப்புடுறாப்புல இருக்கு" என்றாள் அவள், மோர் ஊற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக.

அவனால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளை வந்து துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்தான். டவுனில் மாதா கோவில் தெருவில் இருக்கிற சவியேயின் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எலும்புவரை நனைந்துவிட்டான்.

சவியே அவனை எதிர்பார்த்தவர் போலக் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவனும் உட்காரவில்லை.

"என்ன முசியே வண்டி அது? யாரு இருக்கா அதுல?"

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எம் பொஞ்சாதி. ழுலியேத். வண்டி ஓட்ட நாந்தான் கத்துக்குடுத்தேன். ஒருநாள் சாயங்காலம் கடலுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டா. எட்டு மாசம். இந்த நெலமையில என்ன கடலு கிடலுன்னு சத்தம் போட்டுட்டுப் படுத்துட்டேன். அவளே எடுத்துட்டுப் போயிட்டா. காலையில கடற்கரையில வண்டி மட்டும் நின்னுச்சு. அலை டயர்ல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ கெடைக்கவே இல்லப்பா."

"அப்புறம்?"

"கொட்டாய்ல கொண்டாந்து போட்டேன். காலையில பாத்தா சக்கரம் திரும்பி நிக்கும். நானும் திருப்பி வெப்பேன், அவளும் திருப்பி வெப்பா. முப்பது வருசம். எனக்கு முடியல. ஸ்டியரிங்க அவ கைலேருந்து எடுத்து இந்தப் பக்கம் வச்சுட்டா விட்டுடுவான்னு நெனச்சேன்."

மணிவேல் தலையிலிருந்த கோணியை உருவி எறிந்தான். "ஸ்டியரிங்க எடுத்தீங்க. அவங்க உக்காந்திருக்க எடத்த எடுத்தீங்களா? அதுல தெனமும் எம் பொஞ்சாதி படுத்துத் தூங்குறா முசியே. புள்ளத்தாச்சி."

சவியே அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறம் அப்படியே வடிந்து போனது. அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அதை மணிவேல் நம்பினான். நம்பி என்ன ஆகப்போகிறது? அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தான்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. அந்த இருக்கையைப் பிடுங்க வேண்டும். அடியில் ஒரு சில போல்ட், அவ்வளவுதான். பிடுங்கி மழையில் எறிந்து, பெட்ரோல் ஊற்றி, மழை விட்டதும் கொளுத்த வேண்டும். அவள் உட்கார இடமே இருக்கக் கூடாது.

மழை மூட்டத்தில் பகலே இருட்டிக் கிடந்தது. ஷெட்டில் அரிக்கேன் விளக்கு ஆடியது. விளக்கைப் பிடித்திருந்தது குஞ்சம்மாள்.

"எங்கடா போய்த் தொலஞ்ச? பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு. அந்தச் சனியன் புடிச்ச வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கவே மாட்டேங்குறா. பத்து ஆளு பலம் வந்துருக்கு அவளுக்கு. நானும் இழுத்துப் பாத்துட்டேன்."

பாரதிப்ரியா இடது பக்கத்து இருக்கையில் இருந்தாள். புடவை நனைந்து ஒட்டிக் கிடந்தது. கண்கள் மூடியிருந்தன. வலி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினாள். வலி விட்டதும் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"பிரியா, எறங்கும்மா. வா, வீட்டுக்குள்ள போவோம்."

"இதுலயே போயிடலாங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அவன் ஆட்டோக்கார நாகூர் மீரானுக்குப் போன் போட்டான். வாஞ்சூர்ப் பக்கம் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், வர முடியாது என்று கத்திவிட்டு லைன் அறுந்தது. ஆம்புலன்ஸ் எங்கேயோ வெள்ளத்துக்குப் போயிருந்தது. மொபெட்டில் அவளை உட்கார வைக்க முடியாது. தெருவில் ஓடுகிற நிலையில் வேறு வண்டி கிடையாது. அவன் கையால் ஒவ்வொரு நட்டாக முறுக்கிக் கட்டிய இந்த வண்டி ஒன்றுதான் இருந்தது.

இரண்டே இருக்கை. ஓட்டுகிறவனுக்கு வலது. அதை அப்படி ஆக்கியதும் அவன்தான்.

"நிக்காதடா. தலை தெரியறதுக்குள்ள ஆஸ்பத்திரியில சேத்துடு" என்று குஞ்சம்மாள் அவன் முதுகில் அடித்தாள். அவளை ஏற்றிக்கொள்ள வண்டியில் இடம் இல்லை. மணிவேல் ஏறினான். குலசாமியின் பெயரைச் சொல்லிச் சாவியைத் திருகினான். உடனே பிடித்துக்கொண்டது.

தெருவைக் கடந்து ரோட்டில் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங் அவன் சொன்னபடி கேட்டது. புது சஸ்பென்ஷன் பள்ளங்களை வாங்கி விழுங்கியது. அந்த நேரத்திலும் அவனுக்குள் இருந்த மெக்கானிக், பரவாயில்லையே, நன்றாகத்தான் கட்டியிருக்கிறோம் என்று ஒரு நொடி பெருமைப்பட்டான். வைப்பர்கள் கரகரத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளின. பக்கத்தில் அவள் மூச்சு ஏறி இறங்கியது. ஓரக்கண்ணால் பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தான். இன்னும் கொஞ்ச தூரம்தான். கடைத்தெரு வந்துவிட்டால் ஆள் இருப்பார்கள். வெளிச்சம் இருக்கும்.

வண்டிக்குள் வற்றிய கரையின் வாடை ஏறியது.

"பிரியா, பேசிக்கிட்டே வாம்மா. வலிக்குதா?"

வைப்பர் ஒருமுறை போய்த் திரும்பியது.

"பிரியா."

"சத்தம் போடாதீங்க" என்றாள். குரல் அவளுடையதுதான். ஆனால் அவள் அவனிடம் அப்படிப் பேசியதே இல்லை. "சத்தம் போட்டுட்டுத்தானே படுத்தீங்க."

அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். மழைக்குள் முச்சந்தி தெரிந்தது. வலது பக்கம் ஆஸ்பத்திரி ரோடு. இடது பக்கம் கடற்கரை ரோடு. ஆள் இல்லை. விளக்கு இல்லை. அவன் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான்.

ஸ்டியரிங் திரும்பியது.

வண்டி திரும்பவில்லை.

இன்னும் ஒடித்தான். அது சுற்றியது. கனமே இல்லாமல் சுற்றியது. அவன் இறுக்கிய நட்டு எதுவும் கழன்றிருக்காது. அவனுக்குத் தெரியும். அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து, மெதுவாக, நிதானமாக, பழகிய கை திருப்புவது போல இடது பக்கம் திரும்புவது அவன் உள்ளங்காலில் தெரிந்தது.

பிரேக்கை மிதித்தான். பெடல் தரைவரை போனது. திரும்ப வரவில்லை.

கியரைப் பிடுங்கினான். அசையவில்லை.

கடற்கரை ரோடு. சவுக்கு மரங்கள். மழை. அலைச் சத்தம். மூன்று வருஷமாகக் கேட்காத சத்தம்.

சாவியைத் திருகினான். உருவினான். என்ஜின் இரைச்சல் அடங்கியது. சாவி அவன் கைக்குள் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தான்.

பாரதிப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. முகத்தில் வலி இல்லை. அவளுடைய இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராக உயர்ந்து, வெறும் காற்றில், வட்டமான எதையோ பிடித்திருந்தன. விரல்கள் வளைந்து இறுகி, முட்டிகள் வெளுத்திருந்தன. அந்த வட்டத்தின் கீழ்விளிம்பு அவள் வயிற்றில் அழுந்த, நனைந்த புடவை அங்கே ஒரு கோடாக உள்ளே போயிருந்தது. அவள் கைகள் மெல்ல ஒரு பக்கம் இறங்கின. வண்டி அந்தப் பக்கம் வளைந்து, தார் விட்டு மணலில் இறங்கியது.

"பிரியா! பிள்ளை! நம்ம பிள்ளை!"

அவன் அந்தக் கைகளைப் பிடித்து இழுத்தான். அவள் கைகளுக்கு மேல், ஏற்கெனவே, ஈரமாகவும் சில்லென்றும் வேறு இரண்டு கைகள் இருந்தன.

விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை நுரை ஏறி வந்தது. அவள் வலது காலை நீட்டினாள். பெடல் இல்லாத வெறும் தகட்டில் பாதத்தை வைத்து, மெதுவாக அழுத்தினாள். சாவி இல்லாத வண்டியின் என்ஜின் உயிர்பிடித்து, சத்தம் ஏறியது.